லாஃப்டில் கிடக்கும் கேம் பாய்: ஒரு சர்க்யூட் போர்டின் வரலாறு

நம் வீட்டு லாஃப்ட்களில் கொலுப் படிக்கும் பழைய சூட்கேஸுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம் இருக்கும். திறந்தால் சார்ஜர் தொலைந்த கைபேசி, ஒயர் பிய்ந்த ஹெட்போன், எதற்கென்று தெரியாத இரண்டு ரிமோட். சில வீடுகளில் இவற்றோடு ஒரு கையடக்க வீடியோ கேமும் இருக்கும். 1990களில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது ஒரு மாமா வாங்கி வந்தது. பேட்டரி போட்டால் ஓடாது. தூக்கிப் போடவும் மனம் வராது.

அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி. 1989-இல் வெளிவந்த கேம் பாயை இன்றும் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் கொண்டு சரிசெய்துவிடுகிறார்கள். ஆனால் போன வருடம் வாங்கிய கருவி ஓடவில்லை என்றால் தேர்ந்த மெக்கானிக்கே கொஞ்சம் யோசிக்கிறார். பழையது சரியாவதும் புதியது சரியாகாமல் போவதும் ஏன்? விடை கருவிக்குள் இருக்கும் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு.

கம்பிக் கூட்டிலிருந்து அச்சுப் பலகைக்கு

தாத்தா காலத்து வால்வு ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே பலகை கிடையாது, கம்பிகள்தான். ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்குக் கம்பியை இழுத்து, ஒவ்வொரு முனையிலும் கையால் ஈயம் வைத்திருப்பார்கள். ஒரு ரேடியோவுக்கு நூற்றுக்கணக்கான பற்றுகள். தொழிற்சாலைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர். 1907-இல் வியன்னாவில் பிறந்த பொறியாளர். யூதர் என்பதால் ஆஸ்திரியாவில் வேலை கிடைப்பது கடினமாகி, 1936-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு வாடகை அறையில் அவர் யோசித்தது எளிமையான விஷயம். மின்சாரம் போகும் வழியைக் கம்பியால் ஏன் இழுக்க வேண்டும்? புத்தகம் அச்சிடுவது போல அச்சிட்டுவிட்டால் என்ன?

மின்கடத்தாத பலகை ஒன்றின் மேல் மெல்லிய செம்புத் தகட்டை ஒட்ட வேண்டும். மின்சாரம் எந்த வழியாகப் போக வேண்டுமோ அந்த வழியை மட்டும் அமிலம் தின்னாத மையால் அச்சிட வேண்டும். பிறகு அமிலத்தில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பு கரைந்துவிடும், மைக்கு அடியில் இருப்பது தடமாக நிற்கும். இன்றும் சர்க்யூட் போர்டுகள் அடிப்படையில் இந்த முறையில்தான் தயாராகின்றன.

இந்த முறையில் ஒரு ரேடியோ செய்துகாட்டியும் உடனே யாரும் வாங்க முன்வரவில்லை. உலகப் போர் தொடங்கியதும் 'எதிரி நாட்டவர்' என்று சொல்லி ஐஸ்லரைச் சிறிது காலம் காவலில் வைத்தார்கள். வெளியே வந்தபின் ஓர் அச்சு நிறுவனத்தின் ஆதரவோடு 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் பீரங்கிக் குண்டுகளின் வெடிப்பான்களுக்குள் அச்சிட்ட சர்க்யூட்டுகள் இடம்பிடித்தன. குண்டு பாயும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தனித்தனிக் கம்பிகளால் தாங்க முடியாதல்லவா! போர் முடிந்ததும் இந்தத் தொழில்நுட்பம் வீட்டுச் சாமான்களுக்குள் வந்தது.

பழுதுபார்ப்பவருக்கு இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். செம்புத் தடமோ பலகையோடு ஒட்டியது, அதன் கனம் பொதுவாக 35 மைக்ரான், அதாவது தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி. அது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஒரே மாடலில் எல்லாப் பலகைகளும் அச்சடித்தாற்போல் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் ஒரு பழுதைக் கண்டுபிடித்தால், உலகில் அதே பலகை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது பயன்படும். இந்த ஒரு லாபம் பின்னால் பெரிய விஷயமானது.

சீட்டு இயந்திரத்தைப் பராமரித்தவர்

கேம் பாயை உருவாக்கிய நின்டெண்டோ 1889-இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய நிறுவனம். தொடங்கியது 'ஹனஃபுடா' என்ற பூச்சீட்டுக் கட்டுகள் செய்வதற்காக. 1965-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் குன்பெய் யோக்கோய் என்ற இளைஞர். மின்னணுவியல் படித்தவருக்கு முதலில் கொடுத்த வேலை, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. நம் குடியிருப்பில் லிஃப்டையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்பவரின் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது போகாத நேரத்தில் அவர் தனக்காகச் செய்துகொண்ட நீளும் கைப் பொம்மை ஒன்று மேலதிகாரியின் கண்ணில் பட்டு, 1966-இல் விற்பனைக்கே வந்தது. அதிலிருந்து யோக்கோய் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார். ரயில் பயணத்தில் ஒருவர் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திப் பொழுதுபோக்குவதைப் பார்த்ததால்தான் கையடக்க விளையாட்டு என்ற எண்ணம் அவருக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. 1980 ஏப்ரலில் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. கால்குலேட்டரில் இருக்கும் எல்.சி.டி. திரை, கால்குலேட்டர் வகைச் சிப், கைக்கடிகாரத்துக்குப் போடும் பொத்தான் பேட்டரி. புதுமையான பாகம் ஒன்றும் இல்லை.

இதுதான் யோக்கோயின் கொள்கை. நன்கு பழகி, விலை மலிந்து, குறைகளெல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்துவது. ஜப்பானிய மொழியில் அவர் சொன்ன சொல்லுக்கு 'வாடிய தொழில்நுட்பம்' என்று பொருள். வாடியது என்றால் வீணானது என்று அர்த்தமில்லை, முற்றிப் பழுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். விலையைக் குறைக்க அவர் கடைப்பிடித்த இந்த வழி, 30 ஆண்டு கழித்துப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கைகொடுக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கேம் பாய்க்குள் என்ன இருக்கிறது?

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். 160 x 144 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை, பச்சைச் சாயலில் நான்கே நான்கு நிறச் சாயல்கள். திரைக்குப் பின்னால் விளக்குகூடக் கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் வண்ணத் திரையும் விளக்கும் இருந்தன. ஆனால் அவை 6 பென்சில் செல்களை நான்கைந்து மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் பாய்க்கு 4 செல் போதும், 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். எந்தப் பெற்றோரும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து சுமார் 11.87 கோடி விற்றன.

பின்பக்கம் 6 திருகுகள். மூன்று இதழ் கொண்ட விசித்திரமான தலை, சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நுழையாது. உரிமையாளர் திறக்கக் கூடாது என்ற எண்ணத்தை நிறுவனம் அங்கேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் திருப்புளி கிடைத்து உள்ளே போய்விட்டால் எல்லாம் விசாலம். திரைக்கு ஒரு பலகை, மூளைக்கு ஒரு பலகை, மின்சாரத்தை ஒழுங்குபடுத்த ஒரு குட்டிப் பலகை, ஹெட்போனுக்கு இன்னொன்று. சிப்களின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எண்ணிவிடலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

இந்த அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1990-91 வளைகுடாப் போரின்போது ஓர் அமெரிக்க ராணுவ வீரரின் கேம் பாய், குண்டு விழுந்து முகாம் எரிந்ததில் கருகிப்போனது. முகப்பின் பிளாஸ்டிக் உருகி வழிந்துவிட்டது. நின்டெண்டோவுக்கு அனுப்பப்பட்ட அந்தக் கருவியில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் விளையாட்டு ஓடியது! நியூயார்க்கிலுள்ள நிறுவனத்தின் கடையில் அது பல ஆண்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் டெட்ரிஸ் ஆடிக்கொண்டே காட்சிக்கு இருந்தது.

பலகை எப்படிக் கெடுகிறது?

குண்டுக்குத் தப்பிய பலகை பென்சில் செல்லுக்குத் தப்புவதில்லை. பழைய கருவிகள் கெடுவதற்கு முதல் காரணம், செல்லைக் கழற்றாமல் லாஃப்டில் போடுவதுதான். அல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். செல் வயதாகிக் கசிந்தால் அது ஸ்பிரிங்கை அரித்து, அங்கிருந்து ஒயர் வழியாகவும் பலகை வழியாகவும் ஊர்ந்து செம்பைத் தின்னும். வெள்ளைப் பொருக்கும் பச்சை-நீலப் பூப்பும் அதன் தடயங்கள். இதை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்வார்கள். ஒரு முக்கிய விஷயம்: நம் ஊரில் டார்ச்சுக்கும் கடிகாரத்துக்கும் போட்ட மலிவுச் செல்கள் பல வேறு ரகம். அந்தத் துத்தநாக-கார்பன் செல் கசிந்தால் வருவது அமிலத் தன்மையுள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைசல்தான் மாற்று. எந்த ரகம் கசிந்தது என்று பார்த்து மருந்து போட வேண்டும்.

இரண்டாவது, திரையில் கோடுகள் காணாமல் போவது. கேம் பாய் திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் மறைந்துவிடும். திரையையும் பலகையையும் இணைக்கும் மெல்லிய நாடாவின் பிடிப்பு, வெயிலிலும் வயதிலும் தளர்வதுதான் காரணம். நாடாவின் விளிம்பில் சால்டரிங் அயர்னை அளவான சூட்டில் மெதுவாக ஓட்டினால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பார்ப்பதற்கு மாயம் மாதிரி இருந்தாலும், விட்டுப்போன தொடர்பைச் சூடு மறுபடி ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, கண்டென்சர். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் மாற்றுவாரே, அதன் குட்டித் தம்பிகள் இந்தப் பலகைகளில் நிறைய உண்டு. 1990-இல் வந்த கேம் கியரில் அன்று புதிதாகப் பரவிவந்த, பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறிய கண்டென்சர்களைப் போட்டார்கள். காலப்போக்கில் அவற்றின் அடிப்பகுதி வழியாக உள்ளிருந்த திரவம் கசிந்தது. முதலில் ஒலி குறையும், பிறகு திரை மங்கும், கடைசியில் கருவியே ஓடாது. உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் இதே கதிதான். கசிந்த கண்டென்சரில் அயர்னை வைத்தால் மீன் நாற்றம் அடிக்கும். அந்த வாசனையை வைத்தே பழகியவர்கள் நோயைச் சொல்லிவிடுவார்கள்.

இங்கே யோக்கோயின் கொள்கை எவ்வளவு பெரியது என்று புரிகிறது. அன்றைய தேதியில் கேம் கியர்தான் நவீனக் கருவி. புதிய வகைப் பாகத்தின் குறை பல ஆண்டு கழித்தே தெரிந்தது, அதற்குள் அது லட்சக்கணக்கான பலகைகளில் ஏறிவிட்டது. இன்று கண்டென்சர் மாற்றாமல் ஓடும் கேம் கியர் கிடைப்பது அரிது.

நான்காவது, ஃப்யூஸ். 2004-க்குப் பின் வந்த டி.எஸ். வரிசைக் கருவிகளில் சார்ஜர் வரும் வழியிலும் பேட்டரி வழியிலும் கடுகளவு ஃப்யூஸ்கள் உண்டு. பொருந்தாத சார்ஜரைச் சொருகினால் அது தன்னைப் பலிகொடுத்துப் பலகையைக் காப்பாற்றும். செத்துப்போனதாக ஓரங்கட்டப்பட்ட பல கருவிகளில் போனது அந்த ஒரு ஃப்யூஸ் மட்டும்தான்.

அறுந்த தடத்தை இணைப்பது

கசிவு செம்பைத் தின்றுவிட்டால் பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது, வழியையே மறுபடி போட வேண்டும். நம் கட்டடத்தில் சுவருக்குள் போகும் கன்சீல்டு பைப்பில் கசிவு வந்தால் பிளம்பர் செய்வதும் இதுவும் ஒன்றே. முதலில் கசிவு எங்கே என்று தேடுவது, பிறகு டைலை உடைத்துத் திறப்பது, பைப்பைச் சேர்ப்பது, கடைசியில் பூசி மூடுவது.

தேடுவதற்கு மல்டிமீட்டர். தடத்தின் ஒரு முனையில் ஓர் ஊசி, மறு முனையில் இன்னோர் ஊசி. 'பீப்' என்றால் வழி இருக்கிறது, மௌனம் என்றால் நடுவில் அறுந்திருக்கிறது. அறுந்த இடத்துக்கு இருபுறமும் பலகையின் வண்ணப் பூச்சை மெல்லிய கத்தியால் சுரண்டினால் பளிச்சென்று செம்பு தெரியும். கறுத்துப் போயிருந்தால் இன்னும் சுரண்ட வேண்டும், ஏனென்றால் அரிப்பு பிடித்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஃப்ளக்ஸ் தடவி இரு முனைகளுக்கும் ஈயப் பூச்சுக் கொடுத்து, தலைமுடி போன்ற எனாமல் கம்பியை இரண்டுக்கும் பாலமாக வைத்துப் பற்றவைப்பார்கள். மறுபடி மல்டிமீட்டர் வைத்துச் சோதித்து, மேலே காப்புப் பூச்சு தடவி மூடிவிடுவார்கள். பொறுமையும் நல்ல வெளிச்சமும்தான் இதற்கு மூலதனம்.

பிளம்பருக்குக் கட்டடத்தின் பைப் வரைபடம் தேவைப்படுவது போல, இங்கே எந்தத் தடம் எங்கே போகிறது என்ற வரைபடம் வேண்டும். நின்டெண்டோ அதைப் பொதுமக்களுக்குக் கொடுக்கவில்லை. ஆர்வலர்களே பலகைகளைப் படமெடுத்து, தடம் தடமாக மீட்டர் வைத்துப் பார்த்து, வரைந்து பகிர்ந்துகொண்டார்கள். எல்லாப் பலகையும் ஒரே அச்சு என்பதால் ஒருவர் உழைப்பு ஊருக்கே பயன்பட்டது. 2003-இல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் மடிக்கணினி ஒன்றைச் சரிசெய்ய முயன்று, அதற்கான கையேடு எங்கும் கிடைக்காமல் தவித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் தொடங்கியதே ஐஃபிக்ஸிட். இன்று ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு அங்கே இலவசப் பழுதுபார்ப்புக் கையேடுகள் உள்ளன.

பொத்தான் பேட்டரியில் இருந்த நினைவு

பழுதுபார்ப்பில் தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஒரு சிக்கலும் உண்டு. 1996-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கேமான் போன்ற விளையாட்டுகளில், குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால் விவரங்களைச் சேமிக்க வேண்டும். அதற்காகக் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு நினைவகச் சிப்பும், அதற்கு இடைவிடாமல் சொட்டு மின்சாரம் கொடுக்க ஒரு பொத்தான் பேட்டரியும் வைத்தார்கள். பேட்டரியைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில், சிலவற்றில் இன்னும் தாமதமாக, அது தீரும். தீர்ந்தால் நினைவு அழிந்துவிடும்.

தீருவதற்கு முன்பே மாற்றிவிடலாமே என்றால், பழையதைக் கழற்றிய நொடியில் சேமித்ததெல்லாம் போய்விடும். பத்து வயதில் ஒரு பிள்ளை பெயர் வைத்து வளர்த்த விளையாட்டுப் பிராணிகள், கோடை விடுமுறை முழுவதும் ஆடிச் சேர்த்தவை, கார்ட்ரிட்ஜ் பிழைக்கும்போது அழிந்துபோகும். அந்தப் பிள்ளைக்கு இன்று முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு ரீடர் கருவி மூலம் சேமிப்பைக் கணினிக்கு எடுத்துவைத்து, பேட்டரியை மாற்றியபின் திரும்ப ஏற்றுகிறார்கள். 'சரிசெய்து கொடுங்கள்' என்று கடையில் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. கடைக்காரருக்குச் சரியானது என்பது ஓடுவது. உங்களுக்கு உள்ளே இருப்பது முக்கியமாக இருக்கலாம்.

ஈயம் போனது, இடமும் போனது

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயம் உள்ளிட்ட நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தியது. நாம் 'ஈயம் வைப்பது' என்று சொல்லும் பற்றவைப்பு உலோகம் அதுவரை பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 63-க்கு 37 என்ற கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் இல்லாத புதிய கலவை உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். குப்பைமேட்டில் ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலப்பதைத் தடுக்க இது அவசியமான மாற்றம். கூடுதல் சூடு தேவைப்பட்டதால் வீட்டு மேசையில் செய்பவருக்கு வேலை சற்றுக் கடினமானது.

இதைவிடப் பெரிய மாற்றம் அளவில் வந்தது. சிப்பின் கால்கள் மறைந்து, அடிவயிற்றில் ஈயக் குண்டுமணிகளாக மாறின. அவற்றை அயர்னால் தொடவே முடியாது, வெந்நீராவி போல வெப்பக் காற்றை ஊதித்தான் எடுக்க வேண்டும். தடங்களும் பலகைக்குள் பல அடுக்குகளாகப் போயின. பழைய வீட்டில் சுவருக்கு வெளியே தெரிந்த பைப், இப்போது கான்கிரீட்டுக்குள் போய்விட்டது.

2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் இரண்டையும் கலந்தது. அதன் நினைவகமும் கேம் கார்டு செருகும் பகுதியும் தனிப் பலகைகளில் இருந்தன, கழற்றி மாற்றலாம். ஆனால் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இலும் பேட்டரி ஒட்டப்பட்டதுதான். தேயும் என்று தெரிந்த ஒரு பாகத்தை ஒட்டிவைத்தால், மொத்தக் கருவியின் ஆயுளும் அந்தப் பாகத்தின் ஆயுளாகிவிடுகிறது. மாறாக, 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்ட வால்வ் நிறுவனம், அதற்கான உதிரிப் பாகங்களை ஐஃபிக்ஸிட் மூலம் யாரும் வாங்கும்படி விற்கிறது. ஆக, கருவி நவீனமாக இருந்தால் பழுதுபார்க்க முடியாது என்று விதி ஏதும் இல்லை. வடிவமைக்கும்போதே யாரோ எடுக்கும் முடிவு அது.

சட்டமும் சமூகமும்

அந்த முடிவைக் கேள்வி கேட்க இப்போது சட்டங்கள் வருகின்றன. 'இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது' என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். 2018-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட ஆறு நிறுவனங்களுக்கு, இத்தகைய நிபந்தனைகள் சட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பொதுவாக உரிமையாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது.

சட்டத்துக்குக் காத்திராமல் மக்கள் செய்ததும் உண்டு. 2009 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் முதல் 'ரிப்பேர் கஃபே' நடந்தது. அக்கம்பக்கத்தார் பழுதான சாமான்களைக் கொண்டுவந்தார்கள், வேலை தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார்கள், காபியும் பேச்சும் உடன் இருந்தன. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. நம்மைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்காது. ஓய்வுபெற்ற எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்களும், சால்டரிங் கற்றுக்கொள்ளத் துடிக்கும் பிள்ளைகளும் ஒரே லிஃப்டில்தானே போய்வருகிறார்கள்!

கேம் பாய் நமக்குச் சொல்லும் செய்தி இதுதான். ஒரு பொருள் நீண்ட நாள் வாழ, உறுதியாகச் செய்வது மட்டும் போதாது. திறக்க முடிய வேண்டும், பாகம் கிடைக்க வேண்டும், வழி தெரிந்த ஒருவர் அதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

இந்த வார இறுதியில் லாஃப்டை இறக்குபவர்களுக்கு

1. கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலில் செல்களைக் கழற்றுங்கள். கசிந்திருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

2. லித்தியம் அயன் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். வீட்டுக்குள் வைத்திருப்பதும் ஆபத்து.

3. பழைய கேம் கியர், லிங்க்ஸ் போன்றவற்றில் திரை விளக்குக்கு உயர் மின்னழுத்தம் உண்டு. செல் போட்ட நிலையில் உள்ளே கை வைக்கக் கூடாது.

4. ஈயம் வைக்கும் வேலையை ஜன்னல் திறந்த அறையில் செய்யுங்கள். முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதே மேசையில் சாப்பாடு வேண்டாம்.

5. மல்டிமீட்டர், ஃப்ளக்ஸ், எனாமல் கம்பி, மூன்றிதழ்த் திருப்புளி எல்லாம் சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். முதலில் ஓடாத பழைய ரிமோட்டில் பழகுங்கள், கேம் பாய் காத்திருக்கும்.

6. சரிசெய்யவே முடியாது என்றால் ஈரக் குப்பையிலும் போடாதீர்கள், உலர் குப்பையிலும் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ கேம்களும் உண்டு. பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரும்படி தனியே கொடுங்கள்.